எண்ணெயில் வளர்ந்த தாடி

ஜூலை 28, திங்கள்

ஆடிக் காற்று. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் மேசை முழுக்கச் செங்கம் ரோட்டுப் புழுதி. காலையிலேயே கரண்ட் போய் வந்தது. இடுப்பு வலி நேற்றைவிட ஜாஸ்தி.

வாங்க: பால், கொசுவத்தி, நீலப் பேனா, அம்மாவின் முழங்காலுக்குத் தைலம்.

மையத்தில் வரலாறு, தத்துவ வகுப்பு. யோகா ஆசிரியர் ஆவதற்காக மாதாமாதம் ஒரு புதுக் கூட்டம் வருகிறது. பாதி வெளிநாடு, பாதி பெங்களூரு, சென்னை. ஆசனம், மூச்சு எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். என் பங்கு ‘யோகத்தின் ஐயாயிரம் ஆண்டு’. ஆசனம் ஒன்றுகூட உருப்படியாக எனக்கு வராது என்பது மாணவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வாரம் முழுக்கப் படித்ததை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே இடம் அந்த வகுப்புதான். வேறு யாரிடம் சொல்வேன். அம்மாவிடமா.

வழக்கம்போலச் சிந்துவெளி முத்திரையில் ஆரம்பித்தேன். ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தது அவ்வளவுதான். உட்கார்ந்தவர் எல்லாம் யோகி என்றால் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் யோகி. சிரித்தார்கள். பிறகு காட்டுக்குப் போன துறவிகள், சமணர், பௌத்தர், சூத்திரக்காரர்கள், நாத யோகிகள், நம் சித்தர்கள், மைசூர் அரண்மனை யோகசாலை. மூச்சு விடாமல்.

கடைசியில் ஷாலினி கை தூக்கினாள். சென்னைப் பெண், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

“மேம், ரெண்டு மணி நேரம் சொன்னீங்க. ஒரு பொண்ணுகூட வரலையே. இந்த ரூம்ல பாருங்க, முக்கால்வாசி நாங்கதான். நாங்க எப்போ உள்ள வந்தோம்?”

அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வகுப்பு முடிந்ததும் குணசேகர் மாஸ்டர் கூப்பிட்டார். மையம் அவருடையது. ஐம்பது தாண்டியும் படிக்கட்டை இரண்டிரண்டாக ஏறுகிறவர்.

“மேகலா, ஒரு நல்ல வேலை. அடி அண்ணாமலை மண்டபத்துல நம்ம முதுகுச் சித்தர் இருக்காரில்ல, அவருக்குப் பக்கத்துல ஒரு போர்டு வெக்கப் போறோம். ஊர்ல பேசிட்டேன். பௌர்ணமிக்குள்ள வெச்சிடணும். ஒரு எட்டு வரி எழுதிக் குடு.”

“என்ன எழுதறது மாஸ்டர்?”

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சித்தர், விருச்சிகாசனத்துல நிக்கிறாரு, அதே பரம்பரை இன்னிக்கி நம்ம மையத்துல தொடருதுன்னு. உனக்குத் தெரியாதா.”

முதுகுச் சித்தர்தான் மையத்தின் சின்னம். தலைகீழாக நின்று, முதுகை வில்லாக வளைத்து, பாதங்களைத் தலைக்கு மேல் கொண்டுவந்த தாடிக்காரர். என் பனியனிலும் இருக்கிறார். இத்தனை நாளில் நேரில் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் கிரிவலக் கும்பலில்.

பால் வாங்க மறந்தேன்.


ஜூலை 30, புதன்

காலையில் அடி அண்ணாமலை. ஷேர் ஆட்டோ. மலை இந்தப் பக்கத்திலிருந்து வேறு மலை மாதிரி.

மண்டபம் சின்னது, நான்கு கால். சாலையோரம், புளியமரத்தடியில். எதிரே ஏழுமலை என்பவரின் டீக்கடை. மண்டபக் கம்பிக்கதவின் சாவி, விளக்கு, கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. சித்தர் தென்கிழக்குத் தூணில். இரண்டு சாண் உயரம்கூட இல்லை. மேலெல்லாம் கறுத்து, வழவழவென்று, வெல்லப்பாகு ஊற்றியது மாதிரி. முகம் என்று சொல்ல மூக்கும் தாடியும் மட்டும். கீழ் மூலையில் அகல் வைத்து வைத்துக் கரி மேடாகியிருக்கிறது.

பூக்கட்டும் பச்சையம்மா அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய், வெள்ளி சித்தருக்கு எண்ணெய் போடுவதும் அவள்தான்.

முறை இது: நல்லெண்ணெயைச் சித்தரின் வளைந்த முதுகில் விட வேண்டும். உள்ளங்கையில் ஒட்டியதை நம் முதுகில் தடவிக்கொள்ள வேண்டும். எண்ணெய் விட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் கொடுத்த வலி நம்மிடமே திரும்பி வந்துவிடும். வருவது நாற்று நடுகிறவர்கள், கடலைக்காய் பிடுங்குகிறவர்கள், இப்போது பைக் ஓட்டுகிற பையன்கள்.

“உனக்கு எங்க வலி?” என்றாள் என்னைப் பார்த்ததும்.

“வலி இல்லக்கா. நான் யோகா டீச்சர், எழுதறதுக்காகப் பாக்க வந்தேன்.”

“பொய் சொல்லாத. நடக்கும்போதே தெரியுது. எடது பக்கம் சாஞ்சிக்கினு வர. தடவிக்கோ வா.”

“வேணாங்கா.”

“யோகா டீச்சருன்ற, வலி இல்லன்ற, எண்ணெயும் வேணான்ற. இன்னாதான் வேணும் உனக்கு?”

ஏழுமலை கடையிலிருந்தே சிரித்தார்.

எண்ணெய் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகின் மேட்டில் விழுகிறது, பிடரிக்கு ஓடுகிறது, காது ஓரமாகத் தாடைக்கு, அங்கிருந்து தாடி நுனியில் திரண்டு சொட்டுகிறது. தரையில் ஒரு கறுப்பு வட்டம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யோசனை. பழைய யோக நூல்களில் ஆசனம் என்றால் உட்காருவது. அசையாமல், சிரமப்படாமல் உட்கார், உடம்பை மறந்துவிடு, வேலை மனத்தில். அவ்வளவுதான். தலைகீழாக நிற்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. வளைவும் முறுக்கும் வெகு காலம் கழித்துத்தான் வருகின்றன, ஹட யோகிகளோடு. அதுவும் முதலில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அப்படியானால் இந்த மனிதர் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த நிலையில் என்ன செய்துகொண்டிருந்தார்?


ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனையில் ஒலிபெருக்கி, கூழ். வீட்டுக்காரம்மா ஒரு சொம்பு கொடுத்தார். முருங்கைக்கீரையும் கருவாடும் மணந்த தட்டு தனியாக.

நாள் முழுக்க வாசிப்பு. குறிப்புகள்:

– யோகம் என்ற சொல்லில் நுகம் இருக்கிறது. மாட்டைப் பூட்டுவது. முரட்டுக் குதிரைகளைத் தேரில் பூட்டுவது என்று பழைய உவமை. எதை எதோடு பூட்டுவது என்பதில்தான் சண்டை எல்லாம்.

– சூத்திரக்காரர்களுக்கு அது பூட்டுவதே அல்ல, பிரிப்பது. பார்க்கிறவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்று தெளிந்து கழன்றுகொள்வது. உடம்பு கழற்றிப்போட வேண்டிய சட்டை.

– சித்தர்களிடம் வந்தால் தலைகீழ். உடம்பு போனால் உயிர் எங்கே நிற்கும்? உடம்பை வளர். இரண்டையும் யோகம் என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒரே பேருந்தில் எதிரெதிர் ஊருக்குப் போகிறவர்கள்.

– பெண்கள்? பல நூல்களில் பெண் என்பவள் யோகி விலக்க வேண்டிய பொருள். நெருப்பு, நெடும்பயணம், பெண். சிலவற்றில் யோகினி என்று ஒரு வரி, உடனே மறைகிறாள். தலையால் மலை ஏறிய அம்மை நம் கதையில் இருக்கிறாள். ஆனால் அவளை யாரும் யோகக் கணக்கில் சேர்ப்பதில்லை, பக்தி என்று தனியாக வைத்துவிட்டோம்.

– நூறு வருடத்துக்குள்: அரண்மனை உடற்பயிற்சிக் கூடம், மல்யுத்தக் களம், வெள்ளைக்காரன் டிரில், சர்க்கஸ். எல்லாவற்றிலிருந்தும் ஆசனங்களுக்கு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

மாலை பெரிய கோயில். தூண் தூணாகப் பார்த்தேன். யோகிகள் நிறைய. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்காலைச் சுற்றிப் பட்டை, கண் பாதி மூடியபடி, முகத்தில் ஒன்றும் இல்லை. தலைகீழாக எத்தனை பேர் என்று தேடினேன். ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஒரு காவலர் பின்னாலேயே வந்தார்.

“இன்னாம்மா தேடற? எதனா வுட்டுட்டியா?”

“இல்லண்ணா, சாமியார் பாக்கறேன்.”

“வெளிய ரோட்ல நெறைய இருக்காங்க.”

அம்மா போன். “அந்த யோகா செய்யறியே, இடுப்பு வலி போச்சா?” நான் செய்வதில்லை, சொல்லித்தருகிறேன் என்றேன். “செய்யாததை எப்படிடி சொல்லித்தருவ?” ஐயாயிரம் ஆண்டுத் தத்துவத்தில் இதற்குப் பதில் இல்லை.

மாஸ்டரிடம் இரவு செய்தி அனுப்பினேன்: போர்டு வைக்கும் முன் சித்தரைச் சுத்தம் செய்தால் படம் நன்றாக வரும். உண்மையில் கண்களைப் பார்க்க வேண்டும் எனக்கு. ‘சூப்பர். சண்டே செஞ்சிடு’ என்று பதில்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் நகத்தில்.

காலை மண்டபம். நான், பச்சையம்மா அக்கா, வெந்நீர், சீயக்காய், தேங்காய் நார், பழைய பல்துலக்கி. உளி, கத்தி எதுவும் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டேன். ஷாலினி கேமராவோடு வந்தாள். முதலில் அக்கா தூண் முன்னால் கற்பூரம் காட்டி, “கோச்சிக்காத சாமி, வெள்ளி செவ்வாதானே எண்ணெய் வெக்கிறோம், இன்னிக்கி எடுக்கறோம்” என்றாள்.

முதுகிலிருந்து ஆரம்பித்தோம். பிசுக்கு அடை அடையாக வந்தது. ஒவ்வொரு அடையும் ஒரு ஆயுள் கால எண்ணெய் இருக்கும். சாம்பல் நிறக் கல் தெரிந்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி, மடிப்பு மடிப்பாக. காலில் ஏதோ வளையம். சடை என்று நினைத்தது பக்கவாட்டுக் கொண்டை.

தாடிக்கு வந்தேன். நாரை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். நுனி ஆடியது. நான் கல்லை உடைத்துவிட்டேன் என்று நினைத்துத் தேய்ப்பதை நிறுத்தி உள்ளங்கையைக் கீழே பிடித்தேன். அக்கா வெந்நீரை ஊற்றினாள். தாடி மொத்தமாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

கல் இல்லை. எண்ணெய். முகவாயில் திரண்டு, திரண்டு, சொட்டாமல் நின்ற துளியெல்லாம் உறைந்து, அதன்மேல் தூசி, கரி, குங்குமம். இத்தனை தலைமுறைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்த தாடி.

முகவாய் வழவழவென்று இருந்தது. கழுத்தில் மணிமாலை. மார்பில் பிசுக்கு போனதும் சந்தேகமே இல்லை.

ஷாலினி கேமராவை இறக்கிவிட்டு, “மேம். இது பொண்ணு.”

பச்சையம்மா அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள். “அதான பார்த்தேன். ஆம்பளைக்கு எப்பிடித் தெரிஞ்சிது நம்ம இடுப்பு வலி?”

மூலையில் இருந்த அகல் கரியையும் எடுத்தோம். அங்கே ஒரு சின்ன ஆள், இடுப்பில் மத்தளம், கை ஓங்கியபடி. கரிக்குள் இத்தனை காலம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

கண்கள்: முழுக்கத் திறந்திருக்கின்றன. நேராக நம்மைப் பார்க்கிறாள். உதட்டோரத்தில் லேசாக ஒரு துணிச்சல்.

ஏழுமலை டீ கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “மேளக்காரன் இருக்கான், இவ பல்டி அடிக்கிறா… கழைக்கூத்து ஆடறவங்கம்மா இது. எங்க ஊருக்கு வருவாங்க, சின்ன வயசுல பாத்திருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இதெல்லாம் போர்டுல போட்டுக்கினு இருக்காதீங்க. சாமியப் போயி கூத்தாடின்னா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க.”

“ஏன், கூத்தாடின்னா கேவலமா?” என்றாள் அக்கா. “உனக்கு வலி போச்சா இல்லியா? போன வருஷம் மூட்டையத் தூக்கிட்டுப் படுத்துக் கெடந்தியே, யாரு எழுப்பி வுட்டது?”

ஏழுமலை டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.


ஆகஸ்ட் 4, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. இந்த வாரம் மாணவர்களுக்கு ஆசனத் தேர்வு, என் வகுப்பு அடுத்த திங்கள்தான்.

அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே எதிர்வாதம் செய்தேன். தலையால் மலை ஏறிய அம்மையாக இருக்கலாமா? அவளை எலும்பும் தோலுமாகத்தான் செதுக்குவார்கள். இவள் தசையோடு, நகையோடு. தெய்வப் பெண்ணா? கிரீடம் இல்லை. யோகினியா? அப்படியானால் மத்தளக்காரன் எதற்கு? யோகி கண்ணை மூடிக்கொள்கிறான், யாரும் பார்க்காத இடத்தில் உட்காருகிறான். இவளுக்குப் பார்க்க ஆள் வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏழுமலை சொன்னதுதான். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை விடக் கூடாது. காலமும் ஆயிரம் இல்லை. தூணின் வேலைப்பாடு அதற்கு வெகு பிந்தியது போல இருக்கிறது. உறுதியாகச் சொல்லத் தெரியாது.

மாஸ்டரிடம் படங்களைக் காட்டினேன். ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஊருக்கே தெரியும் மாஸ்டர். பச்சையம்மா அக்கா பூ வாங்க வர எல்லார்கிட்டயும் சொல்றாங்க.”

“ஊரை விடு. நம்ம பசங்களுக்கு?”

“ஷாலினிதான் படம் எடுத்தா.”

நாற்காலியில் சாய்ந்தார். பின்னால் சுவரில் ஆளுயரச் சின்னம், தாடியோடு. “எத்தனை நாட்ல இந்தப் படத்தைப் போட்டுக்கினு சுத்தறாங்க தெரியுமா. ரெண்டு பேர் முதுகுல பச்சை குத்தியிருக்காங்க. இப்போ போயி, மன்னிச்சிடுங்க, அது சித்தர் இல்ல, தெருவுல பல்டி அடிக்கிற பொம்பளைன்னு சொல்லவா?”

“தெருவுல அடிச்சாலும் அந்த ஆசனம் அவங்களுக்கு வந்திருக்கு. எந்த யோகி தூணுலயும் அது இல்ல, நான் போய்ப் பாத்தேன்.”

“மேகலா. மொதல்ல சொன்னதையே எழுது. எட்டு வரி. வியாழக்கிழமை பெயிண்டர் வருவான்.”

“சித்தர்னு என்னால எழுத முடியாது மாஸ்டர்.”

“அப்ப வேற யாரையாச்சும் எழுதச் சொல்றேன்.”

மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. சித்தர் என்று ஒரு பலகை அங்கே நின்றால், அடுத்த திங்கட்கிழமை நான் அதே மாணவர்கள் முன்னால் நின்று வரலாறு என்ற சொல்லை எப்படி உச்சரிப்பேன். வகுப்பை விட வேண்டியிருக்கும். விட மனம் இல்லை. வீட்டுக்குப் போனால் அம்மா, ‘அப்பாடா’ என்பாள், ஒரு பள்ளிக்கூட வேலை பார்த்து வைத்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாடு: மிச்சம் இருந்த கூழ். புளித்திருந்தது. குடித்தேன்.


ஆகஸ்ட் 6, புதன்

நேற்று எழுதவில்லை. எட்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். காலையில் மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். என்னுடைய எட்டு வரி. அவருடையது அல்ல.

பத்து மணிக்குக் கீழே பைக் சத்தம், மாஸ்டர். “வா, அடி அண்ணாமலை போலாம். நான் நேர்ல பாக்கல இன்னும்.”

மண்டபத்தில் வேறு யாரும் இல்லை, பச்சையம்மா அக்கா பூ எடுக்கப் போயிருந்தாள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூண் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்தார். தோளை. பாதத்தை. விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டார். எனக்கு ஒரு சிற்பம் தெரிந்த இடத்தில் அவருக்கு வேறு ஏதோ தெரிகிறது என்று தோன்றியது.

“கையப் பாரு. வெரல் விரிஞ்சி தரையப் புடிச்சிக்கினு இருக்குது. முட்டி கொஞ்சூண்டு மடங்கியிருக்குது. கால் ரெண்டும் சேரல, ஒண்ணு முன்னாடி. இது நிக்கிற ஒடம்பு இல்ல. எறங்கப் போற ஒடம்பு.”

“புரியல மாஸ்டர்.”

“ஆசனம்னா நிக்கணும். மூச்சு அடங்கணும். இவ நிக்கல. பின்னாடியிலிருந்து வந்து, இப்படித் தாண்டி, அடுத்த நொடி கால் தரையில இருக்கும். செதுக்குனவன் நடுவுல புடிச்சிட்டான்.”

“எப்படித் தெரியும்?”

“நான் அப்படித்தான் எறங்குவேன்.”

எழுந்து சட்டைக் கையை மடித்தார். செய்யப்போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு சொன்னார். செய்யாறு பக்கத்துப் பள்ளிக்கூடம். பி.டி. சார் ஒருவர். தேங்காய் நார் மெத்தை, மணல் குழி. மாவட்டப் போட்டிகளுக்கெல்லாம் போயிருக்கிறார். “அப்போ இதுக்குப் பேரு விருச்சிகாசனம் இல்ல. பின்பல்டி. ரிஷிகேஷ் போன பிறகுதான் நான் செய்யறதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குன்னே தெரிஞ்சுது. அங்க ஒருத்தரு என்னப் பாத்துட்டு, போன ஜென்மத்து யோகின்னாரு. நானும் நம்பிட்டேன்.”

மைய அறிமுகத்தில் ‘இமயத்துக் குரு பரம்பரை’ என்று இருக்கும். பி.டி. சார் எந்தக் காகிதத்திலும் இல்லை.

“அவரு எங்க மாஸ்டர் இப்போ?”

“செத்துட்டாரு. நான் போவல.” கொஞ்சம் கழித்து, “இத எழுதிடாத.”

இங்கே எழுதுகிறேன். இது கணக்கில் வராது.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். என் காகிதம் அவர் சட்டைப் பையில் நான்காக மடிந்து தெரிந்தது.

யோசிக்க: கழைக்கூத்தில் மூங்கில் மேல் நிற்கிறவளுக்கு மனம் அலைந்தால் என்ன ஆகும்? விழுவாள். மனத்தை ஒன்றில் நிறுத்துவதுதான் யோகம் என்றால் அவளைவிடக் கண்டிப்பான சாதகி யார்? ஆனால் அவள் விடுதலை வேண்டி நிற்கவில்லை, கூட்டம் பார்க்க நிற்கிறாள். நோக்கம்தான் வித்தியாசமா? சூத்திரக்காரர் ஆம் என்பார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஷாலினிக்கு இதையே கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கலாம், எனக்கு ஒரு வகுப்பு மிச்சம் இருந்தால்.


ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். துணி காயவில்லை.

மையத்திலிருந்து போன் இல்லை. பெயிண்டர் வந்திருப்பான். நான் போகவில்லை. எந்த வாசகம் என்று கேட்கவும் இல்லை.

அம்மாவிடம், அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு எப்போது வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது போல. “இன்னாடி ஆச்சு?” என்றாள் மூன்று முறை. ஒன்றும் இல்லை. தைலம் வாங்கிவிட்டேன்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி மதியமே பிறந்துவிட்டது. நான்கு மணிக்கெல்லாம் சாலை முழுக்கத் தலைகள். ஆட்டோ கிடையாது. ரமணாசிரமம் தாண்டியதிலிருந்து நடை. கிரிவலம் போகிறவர்களோடு நானும், வேண்டுதல் எதுவும் இல்லாமல். இடது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறேன், பார்த்தேன்.

மண்டபத்துக்கு முன்னால் கும்பல். நடுவில் நீலத் தகரப் பலகை, வெள்ளை எழுத்து, வண்ண வாடை இன்னும் போகவில்லை. யாரோ ஒரு கல்லூரிப் பையன் அவன் அம்மாவுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். நான் தள்ளி நின்று கேட்டேன்.

“‘இத்தூணில் தலைகீழாக வளைந்திருப்பவள் ஒரு பெண். அருகில் மத்தளம் கொட்டுபவன். இவள் பெரும்பாலும் கழைக்கூத்து ஆடியவளாக இருக்கலாம். பெயர் தெரியாது. காலம் உறுதியாகத் தெரியாது. இவ்வூர் மக்கள் நெடுங்காலமாக இவளுக்கு எண்ணெய் சார்த்தி முதுகு வலி நீங்க வேண்டுகிறார்கள். இன்று ஆசனம் என்று நாம் கற்கும் வளைவுகள் சில இவளைப் போன்றவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம். வணங்குவோர் அவளையும் அறிந்து வணங்குக.’”

எட்டு வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

கீழே, மையத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், வேறு நீலத்தில் ஒரு பட்டை. எழுதி அழித்திருக்கிறார்கள்.

ஏழுமலை டீ ஆற்றிக்கொண்டே, “உங்க மாஸ்டர்தான் காலைல வந்து அழிக்கச் சொன்னாரு. மேல இருக்கறத மாத்தச் சொல்லி நானும் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. பேரு மட்டும் வேணாமாம்.”

“ஊர்ல?”

“ரெண்டு பேரு கத்துனாங்க. அப்புறம் அவங்களே எண்ணெய் வாங்கிக்கினு போனாங்க.” கடை முன்னால் எண்ணெய்ப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன, புதிதாக.

பையனின் அம்மா பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பொம்பளையாமே” என்றாள், பக்கத்துப் பெண்ணிடம். அவள், “அப்படின்னா இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றாள்.

பச்சையம்மா அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினாள். திரும்பி நின்றேன். புடவைக்கும் ரவிக்கைக்கும் நடுவில், சரியாக வலிக்கிற இடத்தில் வைத்தாள். கை சூடு. “திரும்பிப் பாக்காத, போயிக்கினே இரு.”

போனேன். நாலு தப்படி. முறையை மீறித் திரும்பிப் பார்த்தேன்.

தூண் முன்னால் மாஸ்டர். வேட்டி, வெறுங்கால், தோளில் துண்டு; கிரிவலத்தில் வந்திருக்கிறார். என்னைக் கவனிக்கவில்லை. எண்ணெய் விட்டார். அது பிடரி வழியாக இறங்கி முகவாயில் திரளும் வரை காத்திருந்தார். பிறகு துண்டு நுனியை விரலில் சுற்றி, அந்தத் துளியைத் துடைத்தார். மறுபடி திரண்டது. மறுபடி துடைத்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், அவர் நகரவில்லை.

பச்சையம்மா அக்கா பூக்கூடையிலிருந்து தலை தூக்கினாள்.

“இன்னா மாஸ்டர், சவரம் பண்றீங்களா?”

“ஆமாங்க்கா” என்றார். “தெனம் பண்ணணும் போலருக்குது.”